தேங்கிய வரிகள்

துணி மடிப்பது அந்த வீட்டில் அவளுடைய வேலை. துவைப்பதும் காயப்போடுவதும் கணவர். ஞாயிறு காலை மொட்டைமாடியிலிருந்து இரண்டு வாளி நிறையத் துணியை எடுத்துவந்து கட்டிலில் கொட்டிவிட்டு அவர் விலகிக்கொள்வார். உள்பக்கம் வெளியே கிடப்பதையெல்லாம் அவள் முதலில் திருப்புவாள். அடுத்தது சட்டைப்பைச் சோதனை. அதற்கப்புறம்தான் மடிப்பு. ஜோடி கிடைக்காத காலுறைகளுக்கென்று ஒரு துணிப்பை வைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய காலுறைகூட அதில் இருந்தது. தூக்கிப்போடேன் என்று கணவர் சொன்னால், நாளைக்கு ஜோடி வந்து கேட்டால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்பாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் படக்காப்பகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். செய்திக்காக எடுத்துவரும் படங்களைப் பார்த்து, எது என்ன என்று எழுதிவைக்க வேண்டும். ஒரு வீடியோவுக்கு ஒரு வரி. அந்த வரியில் எண், தேதி, நேரம், இடம், யார், என்ன நடக்கிறது, எடுத்தவர் என்று ஏழு கட்டங்கள். வீடியோ ஓரிடத்திலும் வரி வேறோரிடத்திலும் இருக்கும். இரண்டையும் சேர்ப்பது எண் ஒன்றுதான். அலுவலகத்தில் அவளைப் பட்டியலக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் பட்டியலக்காதான்.

அன்று பாதித் துணி மடித்திருந்தபோது அண்ணன் வந்தார். அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது. ஒரு துணிக்கிடங்கில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார், அங்கேயே சூப்பர்வைசர் ஆனார், அங்கேயே ஓய்வும் பெற்றார். அவளைக் கல்லூரியில் சேர்த்ததும், இந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கிவந்து உட்காரவைத்து நிரப்பச் சொன்னதும் அவர்தான். இப்போது தான் குடியிருக்கும் அடுக்குமாடிச் சங்கத்துக்கு எட்டு வருடமாகத் தலைவர். தண்ணீர்த் தொட்டிச் சண்டையிலிருந்து வண்டி நிறுத்தும் தகராறுவரை ஜனங்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு.

சோபாவில் குவிந்திருந்த மடித்த துணியைத் தள்ளாமல், அதன் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். கணவர் டீ போடப் போனார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இரண்டாவது பிரேக் உள்ள காரில் முப்பது வருடம் உட்கார்ந்ததில், வீட்டில் யாராவது வேகமாகப் பேசினாலும் வலது கால் தன்னால் தரையை அழுத்தும்.

கொஞ்ச நேரம் முழங்கால் வலியைப் பற்றியும் லிஃப்ட் பழுதானதைப் பற்றியும் பேசிவிட்டு அண்ணன் விஷயத்துக்கு வந்தார். பேப்பரில் பார்த்தாராம். நிலையத்தின் பழைய படங்களெல்லாம் புது சர்வருக்குப் போகப்போகின்றன, அதன்பிறகு யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பேரைத் தட்டித் தேடிப் பார்க்கலாம் என்று போட்டிருந்ததாம். நிஜமா என்றார். நிஜம்தான், மூன்று வாரமாக அந்த வேலைதான் ஓடுகிறது என்றாள்.

"என்னோடது ஒண்ணு இருக்குமே பாப்பா."

ஐம்பத்தொரு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். எது என்று அவள் கேட்கவில்லை. அவர் இருக்கும் படம் அந்தக் காப்பகத்திலேயே ஒன்றுதான்.

"கிடங்கு தீ."

"அதேதான். வீடியோ போனா போகட்டும். நீ எழுதின வரிய மட்டும் விட்டுடேன். பழைய கதை. இப்ப எதுக்கு அது?"

பார்க்கலாம் அண்ணா என்றாள். டீ வந்தது. தலைவர் இல்லாமல் தண்ணீர்த் தொட்டி எப்படி நிரம்பும் என்று கணவர் கேலி செய்தார். மாப்பிள்ளை, நீங்க ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பாருங்க, இருக்கற ரெண்டு பிரேக்கையும் மிதிச்சுட்டு ஓடிப்போயிடுவீங்க என்றார் அண்ணன். டம்ளரைச் சமையலறைவரை கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அது அவர் வழக்கம்.

கிடங்கு எரிந்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். கீழே சரக்கு, மேலே தையல் பகுதி. சரக்கு களவுபோகிறது என்று காலை வேளையில் இரும்புக் கேட்டைப் பூட்டியே வைத்திருந்தார்கள். மேனேஜர் வந்த பிறகுதான் திறப்பார்கள். அன்று தீப்பிடித்தபோது மாடியிலிருந்து நான்கு பெண்கள் குதித்தார்கள். ஒருத்திக்கு இடுப்பெலும்பு முறிந்தது. விசாரணை மூன்று மாதம் நடந்தது. சாவி வாட்ச்மேனிடம் இருந்தது, அவர் டீ குடிக்கப் போய்விட்டார், திரும்பி வந்த பிறகே பதினொன்று ஐந்துக்குக் கேட் திறக்கப்பட்டது என்று அறிக்கை சொன்னது. வாட்ச்மேனுக்கு வேலை போயிற்று. வாட்ச்மேன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக் கேட்டைத் திறந்தது அண்ணன் என்று வீட்டில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவள் அதைச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் போனபோது சர்வர் மேடம் முன்னமே வந்திருந்தாள். சர்வர் மேடம் என்றால் இந்த மாற்றலுக்காகத் தலைமை அலுவலகம் அனுப்பிய இன்ஜினியர். நாற்பதை நெருங்குபவள், இரண்டு குழந்தைக்காரி. குளிர்சாதன அறையில் உட்கார வேண்டும் என்பதால் காதைச் சுற்றி ஸ்கார்ஃப் கட்டியிருப்பாள். பல்வலிக்காரி மாதிரி இருக்கும்.

வேலையை முதல் நாளே அவள் இப்படித்தான் விளக்கினாள்: வீட்டைக் காலிபண்ணுகிற மாதிரிதான் அக்கா. சாமான் ஒரு லாரியில் போகும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதின நோட்டு வேறு லாரியில் போகும். அங்கே இறங்கிய பிறகு எண்ணை வைத்து ஜோடி சேர்க்க வேண்டும். நோட்டு வராவிட்டால் பெட்டி வெறும் பெட்டி.

அது எவ்வளவு உண்மை என்பது முதல் வாரமே தெரிந்தது. ஆயிரம் வீடியோக்களை முதலில் நகலெடுத்து, வரிகள் போய்ச் சேரும் முன்பே திறந்து பார்த்தார்கள். புது சர்வர் எல்லாவற்றுக்கும் நகலெடுத்த நாளையே தேதியாகப் போட்டிருந்தது. இருபது வருட வெள்ளமும் தேர்தலும் பாலத் திறப்பும் போன செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் நடந்து முடிந்திருந்தன. அந்தச் செவ்வாய் நமக்குத் தூங்கவே நேரம் இருந்திருக்காது என்றாள் பட்டியலக்கா. வரிகள் வந்து ஜோடி சேர்ந்ததும் எல்லாம் அதனதன் தேதிக்குத் திரும்பிப் போயின.

மொத்தம் அறுபத்தோராயிரம் வீடியோ. அதில் ஆயிரத்து நூற்று நாற்பது வரிகளைப் புது சர்வர் வாங்க மாட்டேன் என்றது. எல்லாம் அவள் எழுதிய வரிகள். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு, யார் என்ற கட்டம். பழைய சர்வரில் அந்தக் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அவள் தேடும்போது தனக்குக் கிடைத்தால் போதும் என்று தனக்குத் தெரிந்தபடி எழுதிவந்தாள். எங்கள் தெரு பால்காரர். பல் டாக்டர். மீசை. அதே மீசை, இப்போது வெள்ளை. போன வாரம் கத்தியவர். யாரோ, ஆனால் முக்கியமானவர்போல் நிற்கிறார். நிருபர்கள் வந்து கேட்டால் அவள் தன் தலைக்குள் மொழிபெயர்த்து இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அவள் விடுப்பில் போனால் காப்பகமே விடுப்பில் போன மாதிரி.

புது சர்வருக்கு முழுப்பெயர் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் தெரியாதவர் என்று போட வேண்டும். இரண்டும் இல்லாத வரிகளை அது ஒரு பக்கம் ஒதுக்கி, தேங்கியவை என்று தலைப்பும் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை கெடு. அதற்குள் திருத்தாத வரிகள் அழிந்துவிடும். வீடியோ மட்டும் மொட்டையாகப் போய்ச் சேரும். முதல் வாரக் குழப்பத்துக்குப் பிறகு செய்த ஏற்பாட்டின்படி, தேதியையும் நேரத்தையும் படத்தின் மூலையில் கேமரா பதித்திருப்பதிலிருந்து இயந்திரமே படித்துப் போட்டுக்கொள்ளும். பழைய சர்வரைத் துடைத்து விடுவார்கள்.

"யாருக்கா இது, 'கடன் வாங்கினவன் மாதிரி முழிப்பவர்'?" என்று சர்வர் மேடம் கேட்டாள்.

"அவர் முன்னாடி இருந்த நம்ம டைரக்டர். பேர் சொல்றேன், போடு. சத்தமா படிக்காத."

வியாழன் மதியத்துக்குள் ஆயிரத்து நூறு முடிந்துவிட்டது. தெரியாத முகங்களுக்குப் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டினாள், ஓய்வுபெற்ற நிருபர்களுக்குப் போன் செய்தாள். அடையாளம் தெரியாதவர் என்று அவள் போட்டவை முப்பதுக்கு மேல் இருக்காது. மீசைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மிச்சம் நாற்பது. கிடங்குத் தீயில் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றை அவள் அடியில் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். இதை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவற்றைத் திறந்தாள்.

முதல் வரியில் யார் என்ற கட்டத்தில் வாட்ச்மேன் என்று இருந்தது. என்ன என்ற கட்டத்தில், தரையில் உட்கார்ந்திருக்கிறார், கையில் பன், கடிக்கவில்லை. பெயருக்காக விசாரணை அறிக்கை வந்த செய்தித்தாளை எடுத்தாள். பெயரும் தகப்பன் பெயரும் இருந்தன. தட்டச்சு செய்தாள். சர்வர் வாங்கிக்கொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதே பத்தியில் பதினொன்று ஐந்து என்று அச்சாகியிருந்தது.

இரண்டாவது வரி இப்படி இருந்தது. நேரம்: காலை 10.40. யார்: அண்ணன். என்ன: கேட்டருகே நிற்கிறார், கையில் சாவிக்கொத்து, சாலையைப் பார்க்கிறார், புகை. எடுத்தவர் என்ற கட்டத்தில் ஒரு கேமராமேனின் பெயர். அவருக்கு அலுவலகத்தில் அட்வான்ஸ் என்று பட்டம்.

வரியை இரண்டு தடவை படித்தாள். இருபத்திரண்டு வருடமாகப் பத்து நாற்பது அலுவலகத்தில் இருந்தது, பதினொன்று ஐந்து வீட்டில் இருந்தது. இரண்டும் ஒரே மேஜைக்கு வந்ததில்லை.

வீடியோவைத் திறந்தாள். பதினோரு நொடி. இடுப்புக்கு மேல் அண்ணன், தலையில் அப்போதிருந்த முடி. பக்கத்தில் கம்பியின் ஒரு துண்டு. கேட் திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று தெரியாது. கையில் கொத்து. மேலே புகை. அவர் கேட்டையும் பார்க்கவில்லை, மாடியையும் பார்க்கவில்லை. யாரோ வர வேண்டியவரை எதிர்பார்ப்பதுபோல் சாலையைப் பார்த்தார். படத்தின் மூலையில் கேமரா பதித்திருந்த நேரம் 11.40.

அட்வான்ஸ் எதற்கும் தாமதமாகப் போகிறவர். அதனால் தன் கைக்கடிகாரம், வீட்டுச் சுவர்க்கடிகாரம், கேமரா எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருந்தார். அப்படியும் தாமதமாகத்தான் வருவார் என்பது வேறு விஷயம். அவர் எடுத்துவரும் படங்களிலெல்லாம் அவள் ஒரு மணி நேரத்தைக் கழித்து எழுதிவந்தாள். யாரும் சொல்லித்தந்ததில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

அப்படியானால் அவள் வரி போகாவிட்டால் படத்தில் இருக்கும் 11.40தான் நிற்கும். கேட் திறந்து முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஒரு சூப்பர்வைசர் சாவியோடு நிற்கிறார். அதில் ஒன்றுமே இல்லை. வரி போனால் கேட் திறப்பதற்கு இருபத்தைந்து நிமிடம் முன்னாலேயே சாவி அவர் கையில்.

தன் கணக்கே தப்பாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு மட்டும் அட்வான்ஸ் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கலாமே. அதே நாளில் அவர் எடுத்த மற்ற படங்களைத் தேடினாள். காலையில் ஒரு பள்ளியில் பரிசளிப்பு எடுத்திருந்தார். குழந்தைகள் வரிசையாக வந்து கோப்பை வாங்கினார்கள். மேடைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் ஒன்பது இருபது காட்டியது. படத்தின் மூலையில் 10.20. பள்ளிக்கூடத்துக் கடிகாரம் ஓடாமல் நின்றிருக்குமோ என்று அதையும் பார்த்தாள். அடுத்த படத்தில் அது ஒன்பது முப்பத்தொன்று காட்டியது, மூலையில் 10.31. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படி ஓரமாக நின்று கணவருக்குப் போன் செய்தாள். அவர் வகுப்புக்கு நடுவில் காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுக் கேட்டார். விஷயத்தைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. வண்டிக்குள் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அவர் உனக்கு என்ன செஞ்சிருக்கார்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நீ இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தா போதும். அஞ்சு மணிக்கு அது தானா போயிடும்" என்றார்.

"ஆமா."

"ஆனா பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கறவனுக்கும் பிரேக் இருக்கு. இடிச்சப்புறம் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்னு சொன்னா எவனும் ஒத்துக்க மாட்டான்." பிறகு, யாரிடமோ ஹாரனை அமுக்காதே என்று சொன்னார். "நீ என்ன செஞ்சாலும் சரிதான். வச்சிடட்டுமா?"

அது பதிலா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை. முப்பது வருடத்தில் அவர் சொன்னவற்றில் பாதி அப்படித்தான்.

இடத்துக்குத் திரும்பி வந்து மிச்சமிருந்த மற்ற வரிகளை முடித்தாள். மூன்று மணிக்குத் தேங்கியவை என்ற தலைப்பின் கீழ் ஒன்று என்று எண் காட்டியது. சர்வர் மேடம் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுதானேக்கா. யாருன்னு தெரியலன்னா அடையாளம் தெரியாதவர்னு போட்டு விடுங்க. முடிஞ்சுது."

அவளுக்கும் அந்த யோசனை வந்திருந்தது. அப்படிப் போட்டால் புது சர்வருக்கு நேரம் போகும், சாவி போகும், ஆள் மட்டும் போகமாட்டார். யாரும் தேடி வரமுடியாது. நல்ல வழிதான். கட்டத்தில் அந்த இரண்டு சொற்களைத் தட்டவும் செய்தாள். தட்டிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் காலேஜ் விண்ணப்பத்தில் காப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்ட ஆளை அடையாளம் தெரியாதவர் என்று எழுதியிருக்கிறோம் என்பது அவளுக்கு ஒருமாதிரி இருந்தது. அதைவிட உறுத்தியது, காலையில் வாட்ச்மேனுடைய பெயரை, தகப்பன் பெயரோடு, ஒரு நிமிடத்தில் போட்டாயிற்று என்பது.

அழித்தாள். அண்ணனுடைய முழுப்பெயரைத் தட்டினாள். குறிப்பு என்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. அதில், படத்தில் தெரியும் நேரம் ஒரு மணி நேரம் வேகம், அதே நாள் பள்ளிப் பரிசளிப்புப் படத்தோடு ஒப்பிடுக என்று எழுதி, அந்த வீடியோவின் எண்ணையும் கொடுத்தாள். மூன்று பத்துக்கு அனுப்பினாள். தேங்கியவை பூஜ்யம் ஆயிற்று. சர்வர் மேடம் இரண்டு கையையும் மேலே தூக்கிச் சோம்பல் முறித்து, ஸ்கார்ஃபைக் கழற்றினாள். அவளுக்குக் காது இருப்பதை அந்த அலுவலகம் அன்றுதான் பார்த்தது.

பட்டியலக்கா பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். வழியில் இறங்கி சோப்புப் பொடியும் பல்பும் வாங்கினாள். சாப்பிடும்போது கணவரிடம் போட்டுட்டேன் என்று அவளே சொன்னாள். சரி என்று அவர் பாத்திரங்களை எடுத்து வைத்தார். சனிக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும் என்று இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தாள். அண்ணிதான் முதலில் எடுப்பாள் என்ற எண்ணம் வந்ததும் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனே வந்தார். இந்தத் தடவை துணி இன்னும் மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. சோபா காலியாக இருந்தது. நல்ல சட்டை போட்டிருந்தார், மதியம் சங்கக் கூட்டம் இருக்கிறதாம். லிஃப்ட்டைச் சரிசெய்தாயிற்று என்றார். முழங்காலுக்கு ஒரு தைலம் கிடைத்திருக்கிறது, வாடைதான் சகிக்கவில்லை, உங்க அண்ணி பக்கத்திலேயே வரமாட்டேங்கறா என்றார். அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவர் வரவேற்றுவிட்டுச் சமையலறைக்குள் போனார். அங்கே பாத்திரச் சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டது.

அவர் கேட்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

"போட்டுட்டேன்ணா. வெள்ளிக்கிழம."

அண்ணன் சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார், பிறகு இறக்கிவிட்டார்.

"பேரோடயா?"

"பேரோட."

"சரி, பேர் இருக்கட்டும். பேர்ல என்ன இருக்கு, நான் அங்க வேல பாத்தவன்தானே. எல்லாருக்கும் தெரியும்." குரல் சங்கக் கூட்டத்தில் சமாதானம் பேசும் குரலாக இருந்தது. "நேரத்த மட்டும் எடுத்துடு. திருத்தறதுக்கு உனக்கு அதிகாரம் இருக்கும்ல?"

அவள் அவரைப் பார்த்தாள். பெயர்தான் அவருக்குப் பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், தீப்பிடித்த மறுவாரம், அவர் ஒருநாள் அவளைப் பார்க்க அலுவலகம் வந்திருந்தார். வரவேற்பறையில் கையெழுத்துப் போட்டு, பார்வையாளர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு மேலே வந்தார். என்னைப் படம் எடுத்தார்களாமே, காட்டு என்றார். அவள் காட்டினாள், பக்கத்திலேயே தான் எழுதிய வரியையும் காட்டினாள். அண்ணன் என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் வரியை ரொம்ப நேரம் படித்தார். இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். என்னைத் தவிர யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அதற்கு அப்புறம்தான் அவர் சிரித்தார். அவ்வளவுதான். அறிக்கை வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

"வீடியோலயே பதினொண்ணு நாப்பதுன்னுதானே பாப்பா இருக்கு" என்றார் அண்ணன். "நானே பாத்தேனே அன்னைக்கு. படத்துல இருக்கறது இருக்கட்டும். நீ எழுதினது எதுக்கு?"

"அந்தக் கேமரா ஒரு மணி நேரம் வேகம்."

"அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்ததுபோல் இருந்தது. முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அறையில் தைலத்தின் மணம் மெல்ல எழுந்தது. வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள்.

"இனி திருத்த முடியாதுண்ணா. பழைய சர்வர நேத்து துடைச்சுட்டாங்க. புதுசுல நான் மாத்தினா, மாத்தினது யாரு, முன்னாடி என்ன இருந்துச்சு, எல்லாமே பதிவாகும். அத எடுக்கப்போனா அதுதான் இன்னும் பளிச்சுனு தெரியும்."

"உங்க ஆபீஸ் மேலதிகாரிகிட்ட சொன்னா?"

"நானேதாண்ணா அனுப்பினேன். தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

அவர் தலையாட்டினார். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. ஒரு மூட்டை குறைகிறது என்று யாரோ சொல்லி, அதைத் திரும்ப எண்ணப் போகிறவர் மாதிரி முகம் இருந்தது. உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலும் தயாராக இருந்தது, ஒரு குறையும் இல்லை என்று. அவர் கேட்கவில்லை.

"அந்தாளு இருக்காரா?" என்றாள் அவள்.

"எந்தாளு?"

"வாட்ச்மேன்."

"ஊரைவிட்டுப் போயிட்டாரு. அப்பவே." சோபாவின் ஓரத்தைத் தடவினார். "பையன் ஒருத்தன் இருந்தான். தெரியல."

அவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவு காலம் அவரிடம் கேட்டதெல்லாம் என்ன என்று யோசித்தால், ஃபீஸ் கட்டியாச்சா, எப்ப வருவே, சாப்பிட்டியா, இவ்வளவுதான். வேறெதையும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

"பத்து நாப்பதுக்கு சாவி உன் கையில இருந்துச்சு. நீ ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்கறே. மேனேஜர் வரட்டும்னா நின்னே? மேல பொம்பளைங்க கத்தினது கேக்கலையாண்ணா?"

சமையலறை வாசலில் கணவர் இரண்டு டம்ளரோடு வந்து நின்றார். முன்னால் வரவில்லை. வலது காலைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றார்.

அண்ணன் சோபாவின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டதால் எழுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் கைகொடுக்க எழவில்லை. அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார், மேஜைமேல் வைத்திருந்த கண்ணாடியை எடுத்துப் பைக்குள் போட்டார். டீயைப் பார்த்தார். வாசலுக்குப் போய், சுவரில் ஒரு கையை வைத்துச் செருப்பை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.